பண்டாரி பேசாத பக்கங்கள்

சஜன் கண் திறந்து அறுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் ஒன்பது தடவை தம்பியைக் கேட்டுவிட்டான்.

ஒன்பது தடவையும் அவன் மனைவி ஷாலு ஒரே பதிலைத்தான் சொன்னாள். "ஜிஜின் மெடிக்கல் காலேஜ்ல கிடக்கான். தாடையில கம்பி கெட்டியிருக்கு. பேச முடியாது."

தாடைக் கம்பி தேவகுமார் மாமாவின் யோசனை. அவர் ஷாலுவின் மாமியார் சுகுமாரியின் கூடப் பிறந்தவர். சபையில் கமிட்டி மெம்பர். எந்த வீட்டில் எது நடந்தாலும் முன்னால் வந்து நிற்கிறவர். கால் முறிந்தது என்று சொன்னால் சஜன் போன் போட்டுத் தரச் சொல்லுவான், கை முறிந்தது என்றாலும் சொல்லுவான், வாயைக் கட்டினால்தான் காரியம் நடக்கும் என்று அவர் சொன்னார். ஜிஜினை அடக்கம் செய்துவிட்டு நேராக நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு வந்து, கல்லறைத் தோட்டத்துச் செம்மண் ஒட்டிய செருப்போடு ஐ.சி.யு. வாசலில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். ஷாலு அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு அவள் போகவில்லை. ஐ.சி.யு.வுக்கு வெளியே பைஸ்டாண்டர் என்று நோயாளிக்குத் துணையாக ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும் என்று நர்சுகள் சொல்லியிருந்தார்கள். ஆராதனையை யாரோ மொபைலில் லைவ் போட்டிருந்தார்கள். அவள் அதைத் திறக்கவில்லை.

டாக்டர் சொன்னது இரண்டே வரி. தலைக்குள் சின்னதாக ஒரு ரத்தக் கசிவு உண்டு, அடுத்த ஸ்கேன் வரைக்கும் பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதறவோ அழவோ விட வேண்டாம். ஷாலு நெய்யாற்றின்கரையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கண்ணாடிக் குழாயில் முடி போல ஒரு கீறல் விழுந்தால் அது நாள் கணக்கில் அப்படியே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சூடு காட்டாத வரைக்கும்தான் நிற்கும். சஜனின் தலையை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் குழாய்தான் நினைவில் வந்தது.

அண்ணனும் தம்பியும் வீடுகளுக்கு டைல் பதிக்கிறவர்கள். காட்டாக்கடையில் ஒரு வீட்டு வேலை முடித்து இருட்டும் முன்னே பைக்கில் திரும்பி வரும்போது ஒரு நாய் குறுக்கே சாடியது. ஓட்டியவன் சஜன். பின்னால் மடியில் டைல் கட்டரை வைத்துக்கொண்டு இருந்தவன் ஜிஜின். "எனக்க கையிலதானே வண்டி இருந்தது," என்று சஜன் கண் திறந்த முதல் நாளே சொன்னான். அவன் உயிருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஷாலுவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஐ.சி.யு.வில் இருந்து இரண்டு கட்டில் போட்ட அறைக்கு மாற்றினார்கள். மாமா வந்து டி.வி.யின் வயரைப் பிடுங்கி, வேலை செய்யவில்லை என்றார். சஜனின் போன் விபத்தில் நொறுங்கிவிட்டது என்றார். அது நொறுங்கவில்லை. ஷாலுவின் பைக்குள் அணைத்துப் போட்டுக் கிடந்தது. அடுத்த கட்டிலில் கால் முறிந்த தாணு என்ற பெரியவர். அவருடைய மனைவி ஓமனாவிடம் ஷாலு வராந்தாவில் வைத்து, நாங்கள் தம்பியைப் பற்றிப் பேசுவதில்லை என்று மட்டும் சொல்லிவைத்தாள். ஓமனா ஒன்றும் கேட்கவில்லை. பைஸ்டாண்டர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் இருக்கப் பழகியவர்கள்.

போனும் இல்லை, டி.வி.யும் இல்லை. மிச்சம் இருந்தது பேச்சு. எந்தப் பேச்சை எடுத்தாலும் அது சுற்றி வளைந்து ஜிஜினில் வந்து முட்டியது. மழை என்றால் ஜிஜின் ரெயின்கோட்டைத் தொலைத்தது. சாப்பாடு என்றால் ஜிஜினுக்குக் கப்பையும் மீனும். ஷாலுவுக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. மூடியிருக்கவும் பயமாக இருந்தது. அவள் மூடினால் அவன் கேட்பான்.

அன்றைக்கு மத்தியானம் ஷாலுவின் தங்கை ஜெஸ்னா களியக்காவிளையில் இருந்து மாற்றுத் துணி கொண்டுவந்தாள். பழைய நைட்டிகளுக்கு அடியில் ஒரு புத்தகம் கிடந்தது.

"இது எதுக்குட்டி?"

"பையிலேயே கிடந்தது. நான் எடுத்துப் போடல்ல. ஒனக்கப் பழைய பையாக்கும்."

அட்டை போன ஒரு நாவல். முதல் தாளில் பள்ளிக்கூட முத்திரை, கட்டுரைப் போட்டி, இரண்டாம் பரிசு, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. நாற்பது பக்கம் வாசித்த இடத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அங்கே அவள் நிறுத்தினதற்குக் காரணம் ப்ளஸ் ஒன் டியூஷன். அதற்குப் பிறகு கெமிஸ்ட்ரி, அதற்குப் பிறகு கல்யாணம், சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்கு ரேங்க் ஃபைல் கைடுகள். கதை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

சஜன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தான். "என்னது, உங்க பெட்டி எழுத்தா?"

அவன் படித்தது மலையாளம் மீடியம். பாறசாலைக்கு இந்தப் பக்கம் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்து மலையாளம்தான். தமிழ் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கு என்று முதலில் சொன்னவன் ஜிஜின். "பாண்டி மைனி, இந்தப் பெட்டியெல்லாம் தெறந்தா உள்ள என்ன உண்டு?" என்பான். மைனி என்றால் அண்ணன் மனைவி. பாண்டி என்பது கேலி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தவள் என்று அவளை ஒரு நாளுக்குப் பத்துத் தடவையாவது நினைவுபடுத்தாமல் அவன் உறங்கியது இல்லை.

"வாசிக்கட்டா?" என்றாள் ஷாலு, வேறு ஒன்றும் தோன்றாமல்.

"வாசி. எனக்கு வாசிக்கத்தான் தெரியாது. கேட்டா விளங்கும்."

தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு ஓடு ஏற்றிக்கொண்டு போகும் ஒரு பாய்த் தோணியின் கதை அது. தோணித் தலைவரைத் தண்டல் என்கிறார்கள். அதில் சமையல் பார்க்கிறவனுக்குப் பண்டாரி என்று பேர். அவன் அடுப்பு ஒரு மரப்பெட்டிக்குள் மண் பூசி வைத்தது. சஜனுக்கு ஓட்டுப் பாரம் பிடித்துப்போனது. "எத்தன ஓடு? நனஞ்சா கனம் கூடுமே, அத எழுதியிருக்கா?" என்று தொழில்காரன் மாதிரி கேட்டான். எழுதியிருந்தது. ஷாலுவுக்கு மூச்சு லேசாக வந்தது.

பிறகு பண்டாரி வந்தான். 'ஊரில் அவனைப்போல் அடக்கமான பையன் கிடையாது என்பார்கள்' என்று அச்சில் இருந்தது. "ஊரில் அவனைப்போல்" வரைக்கும் வாசித்த ஷாலு நின்றுவிட்டாள். அந்த வார்த்தை அவளுக்கு முன்னே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அது நல்ல குணம். இந்த ஒரு வாரமாக அவர்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அடக்கம் எத்தனை மணிக்கு, அடக்கம் கழிஞ்சதா, அடக்கத்துக்கு யாரெல்லாம் வந்தார்கள். மலையாளத்திலும் அதே வார்த்தை, அதே அர்த்தம். சஜனுக்கு அந்தச் சொல் எந்த வழியாகப் போனாலும் குழியில்தான் போய் நிற்கும்.

"என்ன நிறுத்தின?"

"அச்சு தெளிவில்ல." அவள் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். "ஊரில் அவனைப்போல் பாவப்பட்ட பையன் கிடையாது என்பார்கள். ஆனால் கடலில் ஏறிவிட்டால் வாய் ஓயாது."

அவள் மாற்றி வாசித்த முதல் வார்த்தை அது.

குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று தண்டல் சத்தம் போட்டார். அதற்குப் பண்டாரி, "நாலு பக்கமும் உப்பை வச்சுக்கிட்டு என்னை ஏசாதீங்க தண்டலே, அது நான் கூப்பிடாமலே ஏறி வருது," என்றான். சஜன் சிரித்தான். கட்டுப்போட்ட தலை அசைய, கண் திறந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். ஷாலு உடனே கட்டில் பக்கத்து மானிட்டரைப் பார்த்தாள். பிரஷரின் மேல் எண் ஏறியது. எண் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கியது.

"பிள்ளே, இவன் நம்ம ஜிஜினாக்கும்," என்றான் சஜன்.

அவள் புத்தகத்தை மூடப் போனாள். அடுத்த கட்டில் பக்கத்தில் இருந்து ஓமனா நிறுத்தாதே என்று கையை நீட்டினாள். "நிர்த்தல்லே மோளே, பாக்கி வாயிக்கு."

பாக்கியை வாசித்தாள்.

மறுநாளில் இருந்து அது வழக்கமாயிற்று. காலையில் டாக்டர் போன பிறகு ஒரு அத்தியாயம், சாயங்காலச் சாயாவுக்குப் பிறகு ஒன்று. மத்தியானம் சஜன் மருந்தில் உறங்கும்போது அவள் வராந்தாக் கடைசியில் ஜன்னல் ஓரம் போய் நின்று முன்கூட்டியே வாசித்தாள். சோதனைக்காகத்தான். தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கும் முன்னே பரிசோதிக்கிற மாதிரி, வரப்போகிற பக்கங்களில் சாவு, சவப்பெட்டி, தம்பி, நாய், இதெல்லாம் உண்டா என்று பார்த்துவைத்துக்கொள்வாள்.

ஆனால் அது சோதனை மட்டும் அல்ல என்று இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் முடியும் முன்பே விரல் அடுத்த தாளின் அடியில் போய் நிற்கும். பத்தாம் வகுப்பில் அப்படித்தான் நிற்கும். அந்த விரலுக்கு இத்தனை வருஷமும் அது மறக்கவில்லை போல. தார் பூசிய கயிற்றின் மணம் வந்தது. தண்டலுக்கும் சுக்கான் பிடிக்கிறவனுக்கும் நடுவில் இருந்த பழைய பகை என்ன என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்று விழுந்து தோணி நடுக்கடலில் அசையாமல் கிடந்தபோது அவளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பின்னால் டிராலி உருண்டு வந்த சத்தத்தில்தான் தலை நிமிர்ந்தாள்.

அரை மணி நேரம். அரை மணி நேரமாக அவள் ஜிஜினை நினைக்கவில்லை.

அந்த வீட்டில் ஒருவன் போய்விட்டான், ஒருவன் கட்டிலில் கிடக்கிறான், நான் இங்கே நின்று சுகமாகக் கதை படித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அறைக்கு ஓடினாள். சஜன் உறங்கிக்கொண்டிருந்தான். எண் சரியாக இருந்தது. நாளைக்கு முன்கூட்டி வாசிக்க வேண்டாம் என்று நினைத்தாள். மறுநாள் மத்தியானம் சஜன் கண் மூடியதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே ஜன்னலுக்குப் போனாள்.

அன்றைக்குத்தான் பண்டாரி செத்தான்.

பாதிப் புத்தகம் தாண்டியிருந்தது. புயல் வருவது தெரிந்து அவள் வேகமாக வாசித்தாள். தோணி தப்பிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். தோணி தப்பியது. பக்கத்தின் கடைசி நாலு வரியில் பண்டாரி இல்லை. அவள் முந்தின பக்கத்துக்குப் போய்த் தேடினாள். பிந்தின பக்கத்தில் தேடினாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தோணிச் சமையல்காரனுக்காகத்தான் அழ ஆரம்பித்தாள். வாளி நிரம்பி வழிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. ஜிஜினுக்கு அவள் அதுவரை அழவில்லை. அழுதால் கண் வீங்கும், கண் வீங்கினால் சஜன் கேட்பான்.

சாயங்காலம் சாயா குடித்த சஜன், "புயல் வருதுன்னு நிறுத்தினியே, பண்டாரி என்ன பறஞ்சான் புயலப் பாத்து?" என்று கேட்டான்.

ஷாலு புத்தகத்தைத் திறந்தாள். புயலை வாசித்தாள். கடைசி நாலு வரிக்கு வந்தாள். மானிட்டரைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததை வாசித்தாள். "காலையில் பாய்மரத்தடியில் பண்டாரி சுருண்டு படுத்திருந்தான்."

"தப்பிச்சான்," என்றான் சஜன்.

"ரெக்ஷப்பெட்டு," என்றாள் ஓமனா, கையைக் கூப்பி.

எதிரே இருப்பவன் எழுத்துத் தெரியாதவன். கூட இருப்பவளும் அப்படியே. நெய்யாற்றின்கரையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தில் ஒருவனை உயிரோடு வைப்பது இவ்வளவு சுலபம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

சுலபம் அன்றைக்கு மட்டும்தான். மறுநாளில் இருந்து தோணியில் ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேர் பாயை இறக்கினார்கள். ஏழாவது ஆளை ஷாலு நடுநடுவே கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. 'பண்டாரியும் கூட நின்றான்.' 'பண்டாரி தலையாட்டினான்.' அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. அவள் பள்ளிக்கூடத்திலேயே வாய் பேசாதவள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டுமென்றால் வயிறு வலிக்கிறவள். ஒரு வாயாடியின் வாயை அவள் எங்கே போய் வாங்குவாள்? ஒரு தடவை ஜிஜின் சொன்ன பெட்டி எழுத்துக் கேலியைப் பண்டாரி சொன்னதாக வாசிக்கப் பார்த்தாள். முதல் வார்த்தைக்கு மேல் போகவில்லை. இருமல் என்று சமாளித்தாள்.

மாமியார் சுகுமாரி ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு மணிக்கு வருவாள். இஸ்திரி போட்ட சேலை. முகத்தில் பவுடர். சபைக்குப் போகும்போது அல்லாமல் அவள் பவுடர் போட்டு யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, இன்னைக்கு ஞாயிறா?" என்றான் சஜன்.

"ஆஸ்பத்திரிக்கு வரும்போ கொஞ்சம் நல்லா வரண்டாமா மக்கா."

"ஜிஜினப் பாத்தியளா?"

"பாத்தேன்." அவள் அவன் காலில் போர்வையை இழுத்துவிட்டாள். "ஒறங்குதான்."

"எப்பப் போனாலும் ஒறக்கமா? மடியன்." சஜன் சிரித்தான். "இஞ்ச ஒரு கத நடக்குது, கேட்டியளா. ஒரு பண்டாரி உண்டு, நம்ம ஜிஜினுக்க அதே நாக்கு. என்ன சொன்னாலும் ஒரு எதிர்ப்பேச்சு. ஷாலு, அம்மைக்கு அந்த உப்பு வாசிச்சுக் காட்டு."

ஷாலு வாசித்தாள். சுகுமாரி கேட்டாள். உப்பு கூப்பிடாமலே ஏறி வரும் இடத்தில் உதட்டை இழுத்துச் சிரிக்கவும் செய்தாள். பிறகு, வெந்நீர் வாங்கி வாறேன் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது பவுடர் இல்லை. பிளாஸ்க் காலியாகவே இருந்தது.

அதற்கு மறுநாள், பண்டாரிக்குப் பேச்சே இல்லையே என்று ஓமனாதான் கிளப்பினாள். தாணுவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "ஈ பண்டாரிக்கு எந்து பற்றி மோளே?" என்றாள். "மிண்டாட்டமில்லல்லோ."

ஷாலுவின் கண் எழுத்தைவிட்டு எழவில்லை. "புயல்ல நனஞ்சதில்லியா. தொண்டை கட்டியிருக்கு."

"தொண்டைய விடு," என்றான் சஜன். "சோறு? நாலு நாளா தோணியில ஒருத்தனும் ஒரு வாய் தின்னல்ல. அடுப்பு பத்தின கதையே இல்ல. கடலுக்குப் போனவனுவ நோம்பா?"

ஓமனா கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். தாணுவும் சிரித்தார். சஜன் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான். "இல்ல, அவனுக்கும் தாடையில கம்பி கெட்டியாச்சோ என்னமோ."

விளையாட்டாகச் சொன்னானா, விளங்கிச் சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்க்க ஷாலுவுக்குத் தைரியம் வரவில்லை. எண்ணைப் பார்த்தாள். எண் அசையவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

இரண்டாவது ஸ்கேனில் கசிவு வற்றியிருந்தது. நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொன்னார். ஷாலு சந்தோஷப்படப் பார்த்தாள். முடியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அமரவிளை முக்கில் ஒரு ஃபிளெக்ஸ் நிற்கிறது. கிளப்புப் பையன்கள் வைத்தது. மஞ்சள் சட்டை போட்டுக் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு ஜிஜின் சிரிக்கிறான். மேலே மலையாளத்தில் பெரிதாக, ஆதராஞ்சலி. அது ஷாலுவின் கல்யாணப் படத்தில் இருந்து வெட்டி எடுத்தது. ஓரத்தில் அவளுடைய வளையல் போட்ட கை முழங்கை வரைக்கும் இருக்கிறது. சஜனுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியும்.

மாமா வராந்தாவில் வைத்து ஏற்பாடுகளை அடுக்கினார். "வண்டியில அவன இடப்பக்கம் சாய்ச்சுப் போடணும். ஜன்னலுக்கு டர்க்கி டவ்வல் கெட்டணும். வீட்டுல போதகரு வந்து இருப்பாரு. ஜெபம் பண்ணிட்டு அவரு பறயட்டும். நீ ஒண்ணும் பறயண்டாம், கேட்டியா?"

"ஃபிளெக்ஸ ஒரு நாளைக்குக் கழற்றி வைக்க முடியாதா மாமா?"

"நான் கேக்காம இருப்பேனா? ஒனக்க மாமி சம்மதிக்கல்ல. ஒரு மகனுக்காக இன்னொரு மகன இன்னொரு தடவ எறக்கச் சொல்லுதியான்னு கேட்டா. நான் பெறவு வாய் தெறக்கல்ல." அவர் மூக்கைச் சிந்தினார். அவர் அழுது ஷாலு அப்போதுதான் பார்த்தாள்.

மத்தியானம் ஓமனா கேன்டீனுக்குப் போனாள். தாணு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஷாலு துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சஜன் உறங்கவில்லை.

"கத தீந்துதா பிள்ளே?"

"இன்னும் கொஞ்சம் உண்டு."

"வாசி. வீட்டுக்குப் போனா நீ வேலைக்குப் போவ. பெறவு யாரு வாசிப்பா."

கடைசி அத்தியாயம். அதை மட்டும் அவள் முன்கூட்டி வாசிக்கவில்லை. மனம் வரவில்லை. தீர்ந்துவிடுமே என்று வைத்திருந்தாள். இப்போது சோதிக்காத தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது போல ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தோணி ஓட்டை இறக்கிவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியது. எல்லோரும் கூலி வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். தண்டல் மட்டும் போகவில்லை.

"தண்டல் அடுப்புப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பண்டாரியின் வீட்டுக்கு நடந்தார்."

வாசித்த பிறகுதான் வாசித்தது தெரிந்தது. அடுத்த வரியில் பண்டாரியின் அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வரியில் அவள் தலை நிமிர்ந்தாள். அந்தத் தெருவில் ஏழாவது ஆளை நிறுத்தி வைக்க இடம் இல்லை. ஷாலு தேடினாள். தலையாட்டவோ, கூட நிற்கவோ, எங்கேயும் ஓர் இடம் இல்லை. மிச்சம் இருந்த ரெண்டு பக்கமும் அவன் இல்லாததைப் பற்றித்தான்.

"அவனுக்க பெட்டிய அவன் ஏன் தூக்கல்ல?" என்றான் சஜன்.

அவள் விரலை அந்த வரியில் வைத்தாள்.

"ஷாலு."

"ம்."

"எந்தப் பக்கத்துல செத்தான்?"

தாணுவின் குறட்டை ஒரு தடவை நின்று மறுபடி தொடங்கியது. ஷாலு மானிட்டரைப் பார்த்தாள். அதைக் காலையிலேயே கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே ஒரு ஆணியும் வயர் கிடந்த அழுக்குத் தடமும்தான் இருந்தது. இனிமேல் பார்ப்பதற்கு அவன் முகம் ஒன்றுதான். அவள் பார்த்தாள். தாடி வளர்ந்து கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் இல்லை. அவனும் பயந்துபோய்த்தான் இருந்தான்.

"அந்தப் பக்கத்த எடு. உள்ளது உள்ளபடி வாசி."

அவள் தாள்களைப் பின்னால் தள்ளினாள். தேட வேண்டியிருக்கவில்லை. எத்தனை தடவை திறந்த பக்கம், தானாகவே விரிந்தது. 

"கடல் அவனை எடுத்துக்கொண்டதை ஒருவரும் பார்க்கவில்லை. காலையில் அடுப்புப் பெட்டி மட்டும் பாய்மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. தண்டல் அதை நிமிர்த்தி வைத்தார். உள்ளே ஈரச் சாம்பல் இருந்தது. இன்றைக்கு யாரும் அடுப்பு பற்ற வைக்க வேண்டாம் என்றார்."

நாலே வரி. இத்தனை நாளாக அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்த வரிகள் சத்தமாக வாசித்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தன. சஜனின் கண் ஓரத்தில் இருந்து காதுப் பக்கம் தண்ணீர் வடிந்து கட்டுத் துணியில் ஊறியது. அவன் துடைக்கவில்லை.

"நல்ல எழுத்தாக்கும்," என்றான். "நீ உண்டாக்கினது ஒண்ணுக்கும் கொள்ளாது. வாசிச்சது நல்லா இருந்தது."

"ம்."

"நீ அந்த ஜன்னல்ல போய் நின்னு வாசிக்கிறத நான் பாத்திருக்கேன். கதவு தெறந்து கிடந்தா இஞ்ச இருந்து தெரியும். சின்னப் பிள்ளையப் போல வாயத் தெறந்துட்டு நிப்ப." அவன் உதடு கொஞ்சம் கோணியது. "சந்தோஷமாத்தான் இருந்தது எனக்கு."

ஷாலு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் பழக்கத்தில் அடுத்த தாளின் அடியில் போய் நின்றது.

சஜன் கூரையைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். வயர் பிடுங்கிய டி.வி.யைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"ஜிஜினுக்கும் இத வாசிச்சுக் குடுக்கணும்," என்றான். குரல் வெளுத்த துணி போல நிறமில்லாமல் இருந்தது. "கம்பி எடுத்த பெறவு. இல்லியா ஷாலு?"

நாளைக்கு டவல் கட்டிய ஜன்னல். முக்கில் மஞ்சள் சட்டை. வீட்டில் ஜெபம் முடித்துவிட்டுத் தொண்டையைக் கனைக்கப்போகும் போதகர். மாமா சொன்னது காதில் கேட்டது, நீ ஒண்ணும் பறயண்டாம். வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வலிக்கும் அதே இடத்தில் வயிறு வலித்தது. அவள் விரலைத் தாளின் அடியில் இருந்து எடுத்தாள். புத்தகத்தை மூடினாள். கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை, டைல் சிமெண்ட் இன்னும் போகாத நகங்களோடு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கம்பி ஒண்ணும் கெட்டல்ல," என்றாள். "ஜிஜின் மரிச்சுப் போனான்."